மண் போனால்...

மேற்கு ராஜஸ்தானத்தில் மே, ஜூன் மாதங்களில் வீசும் தென்மேற்குக் காற்று, வெறுமனே கிடக்கும் வயல்களின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகிறது. மண்ணோடு எருவும் போகிறது.

கம்பு அறுக்கும்போது தட்டையை அடியோடு வெட்டாமல், ஒரு முழ உயரத்துக்கு அடுத்த மழைவரை விட்டுவைத்தால், தரையை ஒட்டி வீசும் காற்றின் வேகம் தணியும். உதிர்ந்த சருகு மண்ணை மூடிக் காக்கும். ஜோத்பூரில் 1959-ல் அமைந்த மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் கூறும் யோசனையும் இதுவே.

ஆனால், மாட்டுக்குத் தீவனமும் அதே தட்டைதான். தொழுவத்தில் மாடு பசித்திருக்கையில் குடியானவரிடம் உபதேசம் எடுபடாது. கோடையில் மலிவு விலையில் தீவனம் கிடைக்கச் சர்க்கார் வழி செய்ய வேண்டும்.

மண் போனால் மனிதரும் ஊரைவிட்டுப் போக நேரும். பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.