அமைதியான தெருவின் விலை

சண்டிகர் நகரின் வடக்குச் செக்டார்களில் காலை வேளையில் நடந்து செல்பவர் எவருக்கும் அங்கே ஒரு வீடு வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. அகன்ற தெருக்கள், இருபுறமும் நிழல் மரங்கள், வீட்டுக்கு வீடு தோட்டம், நடக்கும் தொலைவில் பள்ளியும் கடையும் பூங்காவும். வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்த்த வருங்கால வைப்பு நிதியைக் கொண்டு, நெரிசலற்ற சிறு குடியிருப்பில் சொந்த வீடு தேடும் ஊழியரையோ ஆசிரியரையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது இடதுசாரிகளின் வேலையன்று. காற்றும் வெளிச்சமும் அமைதியும் மனிதருக்குரிய நியாயமான தேவைகள். அவை எவ்வாறு விலைப்பொருளாயின, ஏன் சிலருக்கு மட்டுமே கிட்டுகின்றன என்பதே ஆராயப்பட வேண்டியது.

2023 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சண்டிகர் வீடுகள் குறித்து வழங்கிய தீர்ப்பு, இக்கேள்வியை நாட்டின் முன் வைத்தது. உரிய விவாதம் நடைபெறாமலேயே அது கடந்து சென்றுவிட்டது.

தீர்ப்பும் இரு தரப்பும்

சண்டிகரின் முதற்கட்டமான 1 முதல் 30 வரையிலான செக்டார்களில், தனி வீட்டு மனையைப் பல குடியிருப்புகளாகப் பிரித்து விற்க அனுமதி இல்லை. 2001இல் அதற்கு வழிவகுத்துக் கொண்டுவரப்பட்ட அடுக்குமாடி விதிகள், எதிர்ப்பின் காரணமாக 2007இல் திரும்பப் பெறப்பட்டன. வணிகம் வேறு வழியைக் கண்டது. பழைய வீடு ஒன்றைக் கட்டுநர் வாங்குவார். அதை இடித்து மூன்று தளங்கள் எழுப்புவார். மூவருக்குப் பிரிவினையற்ற பங்குகளாக விற்பார். யாருக்கு எந்தத் தளம் என்பதை அவர்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்வர். ஏட்டில் ஒரே வீடு, நடைமுறையில் மூன்று.

குடியிருப்போர் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்நடைமுறைக்குத் தடை விதித்தது. லெ கொர்பூசியே வடிவமைத்த நகரின் பாரம்பரியத்தைக் காக்க வேண்டும் எனவும், முதற்கட்டச் செக்டார்களின் மக்கள் அடர்த்தியை உயர்த்துவது பற்றிப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஆராய வேண்டும் எனவும் கூறியது. இதையடுத்து, குடும்பத்திற்கு வெளியே பங்காக விற்பதைப் பதிவு செய்வதை நகர நிர்வாகம் நிறுத்தியது.

வீட்டு உடைமையாளர்கள் பாரம்பரியம் என்றனர். கட்டுநர்கள் வீட்டுப் பற்றாக்குறை என்றனர். இரு வாதங்களிலும் பாதி உண்மை உண்டு. ஒரு குடும்பத்திற்கென அமைத்த குடிநீர்க் குழாயும் கழிவுநீர்ப் பாதையும் மூன்று குடும்பங்களுக்குத் தாங்காது, தெருவெங்கும் கார்கள் நிற்கும், மரங்கள் வீழும். அதே வேளையில், மக்கள்தொகை பெருகிய நகரின் மையத்தில் பரந்த மனைகளை ஒற்றைக் குடும்பங்களுக்கென ஒதுக்கி வைப்பதும் நீதியாகாது. ஆயினும், கோடிகளில் விலைபேசப்படும் அந்தத் தளங்களில் எந்தத் தூய்மைப் பணியாளரும் குடியேறப்போவதில்லை. வழக்கின் இரு தரப்பிலும் உழைப்பாளி மக்களுக்கு இடமில்லை.

அமைதியை உருவாக்கியது யார்?

தேசப் பிரிவினையால் லாகூரை இழந்த கிழக்குப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகராக 1950களில் எழுந்தது சண்டிகர். அதன் நிலம் கிராமங்களின் விளைநிலம்; சட்டத்தின் பலத்தால் விவசாயிகளிடமிருந்து கையகப்படுத்தப்பட்டது. சாலை, கழிவுநீர்ப் பாதை, பூங்கா, சுக்னா ஏரி யாவும் பொதுப்பணத்தில் அமைந்தவை. நகரைச் சூழ்ந்து கட்டடங்கள் பெருகாதவாறு 1952ஆம் ஆண்டின் சுற்றுவட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுத்தது. ஆக, அந்தத் தெருவின் அமைதி பொதுச் சமூகம் உருவாக்கியது. அதன் அருமையால் ஏறும் நிலமதிப்போ தனிமனிதரின் பையில் சேர்கிறது. வீடு வாங்குபவர் தரும் பெருந்தொகையில் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் உரியது சிறு பங்கே. மீதி, மார்க்ஸ் விளக்கிய நிலவாடகையின் மூலதன வடிவம்.

இந்த நகரின் ஏற்றத்தாழ்வு வரைபடத்திலேயே பொறிக்கப்பட்டது. வடக்கில் பெரிய மனைகள், அடர்த்தி குறைவு. தெற்கே செல்லச் செல்ல மனை சுருங்கும், மக்கள் பெருகுவர். அங்கே நிலத்தை மர்லா, கனால் என அளப்பர். இருபது மர்லா ஒரு கனால். நான்கு கனால் பரப்புள்ள ஒரு மாளிகையின் மனையில் ஐந்து மர்லா மனைகள் பதினாறு அடங்கும்.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. முதலமைச்சர் முதல் கடைநிலை ஊழியர் வரை அரசுப் பணியாளர்களுக்குப் பதின்மூன்று வகை வீடுகள் வடிவமைக்கப்பட்டன. பியர் ழான்னரே, ஜேன் ட்ரூ, மேக்ஸ்வெல் ஃப்ரை ஆகியோர் கடைநிலை ஊழியரின் சிறு வீட்டிற்கும் முற்றமும் காற்றோட்டமும் அமைத்தனர். அரசு முனைந்தால் எளியோருக்கும் கண்ணியமான வீடு தர முடியும் என்பதற்கு அவ்வீடுகள் சான்று.

ஆனால் நகரைக் கட்டிய கூலித் தொழிலாளர்களுக்குத் திட்டத்தில் நிலையான இடமில்லை. அவர்களின் குடியிருப்புகள் தற்காலிகம் எனப்பட்டன. பின்னர் ஆக்கிரமிப்பு எனப்பட்டன. தொழிற்பேட்டையை ஒட்டிய நான்காம் எண் காலனியில் ஆயிரக்கணக்கான குடிசைகள் 2022 மே 1 அன்று புல்டோசர்களால் தகர்க்கப்பட்டன. உழைப்பாளர் தினமே அதற்கு நாளாகக் குறிக்கப்பட்டது.

ஐந்து லட்சம் பேருக்கெனத் திட்டமிடப்பட்ட நகரில் 2011 கணக்கெடுப்பின்படி யூனியன் பிரதேச மக்கள்தொகை 10.55 லட்சம். இந்தப் பெருக்கத்தைத் தாங்கியவை வடக்கின் மாளிகைகள் அல்ல. புரைல் போன்ற கிராமங்களின் நெருக்கமான சந்துகளும், மலோயா, தனாஸ் போன்ற விளிம்புப் பகுதிகளும், எல்லைக்கு அப்பாலுள்ள ஜிராக்பூரும்தான். சிலரது தெருவின் நெரிசலின்மைக்கு, பலரது அறையின் நெரிசல் விலையாகிறது.

காத்திருந்த ஊழியர்கள்

நடுத்தர ஊழியரின் நிலையும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. சண்டிகர் நிர்வாகம் தன் ஊழியர்களுக்காக 2008இல் சுயநிதி வீட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2010இல் நடந்த குலுக்கலில் 3,900க்கும் மேற்பட்டோர் தேர்வாயினர். முன்பணம் கட்டிய அவர்கள் பத்தாண்டுகளுக்கும் மேல் காத்திருந்தனர், நீதிமன்றப் படியேறினர். இடைப்பட்ட காலத்தில் ஏறிய நிலவிலையே அத்திட்டத்திற்கு முட்டுக்கட்டையாயிற்று. எந்த நிலமதிப்பு உயர்வைத் தானும் ஒருநாள் அனுபவிக்கலாம் என ஊழியர் கனவு காண்கிறாரோ, அதுவே அவரது வீட்டைத் தட்டிப் பறிக்கிறது.

நாடு முழுவதும் இதே முரண்பாடு நிலவுகிறது. ஒன்றிய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு 2012இல் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையைச் சுமார் 1.88 கோடி என மதிப்பிட்டது. அதில் 95 சதவீதத்திற்கும் மேல் நலிந்த, குறைந்த வருவாய்ப் பிரிவினருக்குரியது. 2011 கணக்கெடுப்போ நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடப்பதைக் காட்டியது. இச்சூழலில்தான், 1976இல் இயற்றப்பட்ட நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தை 1999இல் ஒன்றிய அரசு நீக்கியது. ஓட்டைகள் நிறைந்த அச்சட்டத்தைச் சீர்செய்வதற்கு மாறாக, உச்சவரம்பு என்ற கோட்பாட்டையே கைகழுவியது.

எது நிலைப்பாடு?

வீட்டுப் பிரச்சினை பற்றி 1872இல் எழுதிய கட்டுரைகளில் ஏங்கெல்ஸ், ஒவ்வொரு தொழிலாளியையும் சிறு வீட்டுடைமையாளர் ஆக்கிவிட்டால் தீர்வு கிட்டும் என்ற வாதத்தை மறுத்தார். பெருநகரங்களில் இருக்கும் வீடுகளே முறையாகப் பயன்படுத்தப்பட்டால் உண்மையான பற்றாக்குறையைப் பெருமளவு உடனே போக்கலாம் என்றும் சுட்டிக்காட்டினார். அக்கூற்று பூட்டிய வீடுகளின் இந்தியாவுக்கு இன்றும் பொருந்தும்.

எனவே இடதுசாரி இயக்கம் மாளிகையாளரின் பின்னாலோ கட்டுநரின் பின்னாலோ அணிவகுக்கத் தேவையில்லை. மரங்களும் திட்டமிட்ட வெளிகளும் காக்கப்படட்டும். ஆனால் அப்பாதுகாப்பின் பயனைத் துய்ப்போர் அதற்குரிய விலையைப் பொதுக்கருவூலத்திற்குச் செலுத்த வேண்டும். பெருமனைகள் மீதும் பூட்டிய வீடுகள் மீதும் நிலமதிப்புக்கேற்ற வரி விதித்து, அத்தொகையைப் பொது வாடகை வீடுகளுக்கென்றே ஒதுக்க வேண்டும். குடிசைகளை அகற்றி மீட்டதாகச் சொல்லப்படும் நிலத்தில் அங்கே வாழ்ந்தவர்களுக்கே முதலுரிமை வேண்டும். மாற்று வீடு தராமல் எந்தக் குடிசையும் இடிக்கப்படலாகாது. வீடுகள் பணியிடத்திற்கு அருகில் அமைய வேண்டும். இல்லையேல் பேருந்துக் கட்டணமே வாடகையாகிவிடும்.

இக்கோரிக்கைகளில் தொழிலாளியும் நடுத்தர ஊழியரும் ஓரணியில் நிற்க முடியும். வீடு தேடும் ஊழியரிடம் அவரது ஆசை தவறென்று சொல்வதில் பயனில்லை. அவர் விரும்பும் அதே காற்றும் நிழலும், அந்தத் தெருவை விடியலில் பெருக்கிவிட்டு மலோயாவுக்குத் திரும்பும் பெண்ணுக்கும் உரியவை என்பதையும், அவருக்குக் கிடைக்கும் நாளில்தான் தமக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் என்பதையும் எடுத்துரைப்பதே கட்சி ஊழியர்களின் பணி.