சத்தமா? சக்தியா?

இயந்திரத்தைப் படைத்தவன் மனிதன். அதன் இரைச்சலை அடக்கும் கருவியைப் படைத்தவனும் அவனே. முதலாவது அவனுடைய அறிவைக் காட்டுகிறது. இரண்டாவது அவனுடைய பண்பைக் காட்டுகிறது. இன்று நம் இளைஞர்களில் சிலர் உழைத்துச் சேர்த்த காசைக் கொடுத்து அந்தப் பண்பைக் கழற்றி எறிந்துவிட்டு, உறுமும் குழாய் ஒன்றை வண்டிக்குப் பூட்டிக்கொள்கிறார்கள். இது சரிதானா என்று கேட்பதற்கே இக்கட்டுரை.

நான் மேட்டுப்பாளையத்துக்காரன். கோயம்புத்தூர்ப் பக்கம், மலை ரயில் புறப்படுகிற மேட்டுப்பாளையம் அன்று. நம் புதுவையின் மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் கனரக வாகன முனையமும் உள்ள ஊர். பக்கத்திலேயே தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும். எங்கள் ஊரில் சேவல் கூவிப் பொழுது விடிவதில்லை. லோடு வண்டி கிளம்பித்தான் விடிகிறது. குட்டி யானை என்று நாம் செல்லமாகச் சொல்லும் சிறிய வண்டி முதல் பெரிய லாரி வரை எங்கள் தெருக்களில் நிற்கும். ஓட்டுநர், கிளீனர், மெக்கானிக், வெல்டர், டிங்கர், பஞ்சர் ஒட்டுபவர் என்று எத்தனையோ குடும்பங்கள் இந்தச் சக்கரங்களை நம்பி வாழ்கின்றன. ஆகவே வண்டிகளை வெறுக்கிறவன் எழுதிய கட்டுரையாக இதை யாரும் நினைக்க வேண்டாம். வண்டி வருமானத்தில் சோறு உண்ட வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

என் பெரியப்பா மகன் தவணைக் கடனில் ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். காய்கறி, தண்ணீர்க் குழாய், கட்டில், பீரோ, கல்யாணச் சாமான் எது கிடைத்தாலும் ஏற்றுவார். சில மாதங்களாக அவருக்கு ஓர் ஆசை. வண்டியில் உள்ள சைலன்சரைக் கழற்றிவிட்டு, பந்தய வண்டிக்குப் போடுவது போன்ற அகலக் குழாய் ஒன்றைப் போட வேண்டும் என்று. "ஏன் அண்ணா?" என்று கேட்டேன். மூன்று காரணம் சொன்னார். "இழுவை கூடும், டீசல் மிச்சமாகும், வண்டி வருகிறது என்று நாலு பேருக்குத் தெரியும்." இந்த மூன்றும் அவருடைய காரணங்கள் மட்டுமல்ல. நம் கல்லூரி வாசலில் மோட்டார் சைக்கிளை உறுமவிடும் நண்பர்களும் இவற்றையே சொல்கிறார்கள். எனவே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

இழுவை கூடுமா?

நான்கு சிலிண்டர் உள்ள ஒரு டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிந்த வாயு வெளியே பாய்கிறது. அதாவது நிமிடத்துக்கு 4000 முறை. வினாடிக்கு அறுபதுக்கும் மேல். ஒவ்வொரு முறையும் அது ஒரு சிறு வெடி. இந்த வெடிகளின் வேகத்தைத் தணிக்கவே சைலன்சருக்குள் அறைகளும், தடுப்புத் தகடுகளும், துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. வாயு அவற்றில் மோதி, விரிந்து, திரும்பி வெளியேறும்போது ஓசை அடங்குகிறது. அப்படி அடங்குவதற்கு விலையாக இன்ஜின் சிறிது எதிரழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. இந்த எதிரழுத்தத்தைக் குறைத்தால் இன்ஜினுக்குச் சுமை குறையும் என்பது உண்மை. பந்தயக் கார்களில் அகலக் குழாய் போடுவதன் தத்துவம் இதுதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பந்தயக் கார் மிக உயர்ந்த சுற்றில் ஓடுவது. அதன் குழாயின் நீளம், அகலம், வளைவு எல்லாம் அந்த இன்ஜினுக்கென்றே கணக்கிட்டுச் செய்யப்படுபவை. நம் லோடு வண்டியோ சந்தைக்கும் கிடங்குக்கும் இடையே மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் போகிறது. அது தாழ்ந்த சுற்றில் பாரம் இழுக்கவென்றே அமைக்கப்பட்டது. மேலும் டீசல் இன்ஜினில் சக்தியைத் தீர்மானிப்பது உள்ளே பீய்ச்சப்படும் டீசலின் அளவு. இன்றைய வண்டிகளில் அந்த அளவைக் கட்டுப்படுத்துவது ஒரு மின்னணுப் பெட்டி. குழாயை மட்டும் மாற்றினால் அந்தப் பெட்டி ஒரு சொட்டு டீசலைக்கூட அதிகமாகக் கொடுத்துவிடாது. பின் எப்படி இழுவை கூடும்? கூடுவது சத்தம், சத்தம் கூடினால் சக்தி கூடியது போல் காதுக்குத் தோன்றும். காது சொல்வதை நம்பிக் கை கொடுக்கும் காசு இது.

டீசல் மிச்சமாகுமா?

இரண்டாவது காரணத்துக்கு விடை முதலாவதிலேயே இருக்கிறது. உறுமல் இனிக்கிறது என்பதற்காகவே மிதியை அதிகம் மிதிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு மிச்சமாவது எங்கே?

அதோடு இன்னொரு விஷயமும் உண்டு. இப்போதைய வண்டியில் சைலன்சர் என்பது ஓசை அடக்கும் தகரப் பெட்டி மட்டுமன்று. பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த டீசல் வண்டிகளின் புகைப் பாதையில் நச்சு வாயுவை மாற்றும் வினையூக்கியும், கரித்துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டியும் இருக்கின்றன. இந்த வினையூக்கிக் கருவியின் வரலாறு சுவையானது. யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அமெரிக்காவில் குடியேறியவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்தைப் பற்றி அறிந்து கவலை கொண்டு, 1950களில் இக்கருவியை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். அன்றைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அதைக் கெடுத்துவிட்டதால் அது உடனே பரவவில்லை. இந்தியாவில் 1995-ல் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. 2000-ல் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் நின்றது. இப்படி ஓர் அரை நூற்றாண்டு உழைப்பில் வந்து சேர்ந்த ஒன்றைச் சிலர் அரை மணி நேரத்தில் அறுத்தெடுத்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகிறார்கள்.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் அறிவித்தது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் யார்? சாலையோரத்தில் இட்லி விற்கும் அம்மா. வண்டிக்குப் பின்னால் சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளை. நாளெல்லாம் வண்டியிலேயே வாழும் ஓட்டுநர்.

நாலு பேருக்குத் தெரிய வேண்டுமா?

மூன்றாவது காரணம்தான் உண்மையான காரணம் என்பது என் எண்ணம். 'கெத்து' என்கிறார்களே, அது. இதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். காலையிலிருந்து இரவு வரை "ஏய் லோடு வண்டி, ஓரமா நிறுத்து!" என்று அதட்டப்படும் ஒருவர், தாம் இருப்பதை ஊருக்குச் சொல்ல விரும்புகிறார். அது மனித இயல்பு. லாரியின் நெற்றியில் சாமி பெயர் எழுதுவதும், பின்பக்கம் பிள்ளைகள் பெயரை எழுதுவதும், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவதும் அந்த இயல்பின் அழகான வெளிப்பாடுகள். அவற்றால் யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. சத்தம் அப்படிப்பட்டதன்று. படம் பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளலாம். காதுக்கு இமை இல்லையே!

ஓசையை டெசிபல் என்ற அளவால் அளக்கிறோம். அதில் பத்து கூடினால் ஓசையின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. எங்கள் பகுதியிலிருந்து திண்டிவனம் சாலை ஏறினால் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை. பல மாவட்டங்களிலிருந்து வரும் நோயாளிகள் அங்கே படுத்திருக்கிறார்கள். அந்த வாசலில் ஒருவர் தம் பெருமையை முழக்கிவிட்டுப் போவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, ஒவ்வொரு வண்டியிலும் ஓசையைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்பை விருப்பம் போல் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ பெறலாம். ஓசை, புகை அளவுகளை மீறி ஓட்டினால் பத்தாயிரம் வரை அபராதம் உண்டு. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் முடங்கும். உரிமம் முடங்கினால் மோட்டார் சைக்கிள் மாணவனுக்கு அவமானம். லோடு வண்டிக்காரருக்கோ மூன்று மாதத் தவணை பாக்கி. எப்.சி. காட்டும் நாளில் பழைய சைலன்சரை இரவல் வாங்கிப் பூட்டுவதும், மறுநாள் கழற்றுவதும் சிலருடைய வழக்கம். அதற்கு ஆகும் அலைச்சலும் கூலியும் யார் கணக்கில்?

இருந்தாலும் சட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. பெங்களூரிலும் மும்பையிலும் பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம். பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் நசுங்குவது வாங்கியவரின் பணம். கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்து, "இழுவை கூடும்" என்று சொல்லி விற்றவர் மறுநாளும் கடை திறக்கிறார். வாங்குபவரைப் பிடிக்கும் கை, விற்பவரையும் அதே வேகத்தில் பிடிக்க வேண்டாமா? விற்பனை நின்றால் ரோடு ரோலருக்கு இந்த வேலையே இராது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் புதுவை கடற்கரை ஊர். உப்புக் காற்றில் சைலன்சர் விரைவில் துருப்பிடித்து ஓட்டை விழும். புதிது போட வசதியின்றிச் சத்தத்தோடு ஓட்டுகிற ஏழை ஓட்டுநரையும், நல்ல சைலன்சரை அறுத்துவிட்டுச் சத்தம் வாங்குகிறவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. முன்னவருக்கு வேண்டியது அவகாசமும் உதவியும். எங்கள் பட்டறைகளில் இருக்கும் வெல்டர்களின் கைத்திறனுக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. ஓட்டையை அடைப்பதும், தளர்ந்த பிடிகளை இறுக்குவதும், தரமான புதிய சைலன்சரை முறையாகப் பொருத்துவதும் கௌரவமான தொழில்கள். அந்தத் திறமையை அறுப்பதற்குப் பயன்படுத்துவானேன்?

நம் ஊரின் கடற்கரைச் சாலையில் மாலையானதும் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை வரை அங்கே மனிதர்கள் நடக்கிறார்கள், அலையோசை கேட்கிறது. வெளியூர்க்காரர்கள் புதுவையின் அமைதியைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த அமைதி கடற்கரைச் சாலைக்கு மட்டும் உரியதா? இரவு வேலை முடித்துப் பகலில் கண்ணயரும் மேட்டுப்பாளையத் தொழிலாளிக்கு அது வேண்டாமா? ஒற்றை அறை வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் மாணவிக்கு வேண்டாமா? தொழிற்பேட்டைக்காரர்களுக்கு இரைச்சல் பழகிவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. பழகவில்லை, கேட்பார் இல்லாததால் பொறுத்துக்கொள்கிறோம். தொழிற்சாலையின் இரைச்சலிலாவது ஒரு பொருள் உற்பத்தியாகிறது. வெறும் குழாயின் இரைச்சலில் உற்பத்தியாவது என்ன?

என் அண்ணனிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். "நீ படிச்சவன் தம்பி, பேசுவே" என்று சிரித்தார். பிறகு, "பின் டயர் ரெண்டும் மொட்டையாத்தான் இருக்கு" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். டயர் வாங்குவாரா, குழாய் வாங்குவாரா என்று நான் கேட்கவில்லை. உழைக்கிறவருக்குக் கணக்குத் தெரியும்.

மாணவ நண்பர்களே! ஆசிரியப் பெருமக்கள் வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமினால் பாடம் அரை நிமிடம் நின்றுபோகிறது. அந்த அரை நிமிடம் அறுபது பேருடையது. நாம் படிக்கும் இடத்துக்கும் அமைதி வேண்டும் என்பதை நினைவில் கொள்வோம். நம் வண்டியின் சைலன்சரை நாம் முதலில் சரிபார்ப்போம். ஊரில் லோடு வண்டி ஓட்டும் அண்ணன், மாமன், நண்பன் யாராயினும் அவர்களிடம் அபராதத்தைச் சொல்லி அச்சுறுத்தாமல், குழாயின் கணக்கைச் சொல்லிப் பேசுவோம். சக்தி உள்ள வண்டி பாரத்தை இழுத்துக் காட்டும். அதற்கு ஊரை எழுப்ப வேண்டிய தேவையில்லை.