பொருத்தை மறந்த கப்பல் பெருமை

நம் சமுதாயத்தின் கடல் வாணிபப் பெருமையைப் பேசாத மாநாட்டு மலர் ஒன்றைக் காண்பது அரிது. காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் பரங்கிப்பேட்டையும் அம்மலர்களில் தவறாது இடம்பெறும். மரைக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு இணைத்து விளக்கம் எழுதப்படும். வள்ளல் சீதக்காதியின் கொடைச் சிறப்பும், கரைகடந்து சென்ற சரக்குகளின் பட்டியலும் வண்ணப் படங்களுடன் விரியும். முன்னோரின் முயற்சியை நினைவுகூர்வது நற்செயலே. அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆயினும் அம்மலர்களை வாசித்து முடிக்கும்போது ஒரு வினா விடையின்றி நிற்கிறது. அத்தனை கப்பல்களும் மூழ்காமல் சென்றது எவ்வாறு?

இது வேடிக்கைக்காக எழுப்பும் வினா அன்று. மரக்கலம் என்பது ஒரே மரத்தைக் குடைந்து செய்த தொட்டி அன்று. பல பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கட்டிய கூடு. இரு பலகைகள் சேரும் இடமெல்லாம் ஒரு பொருத்து. ஒவ்வொரு பொருத்தும் கடல் உட்புகக் காத்திருக்கும் ஒரு வாயில். கட்டுமரத்திற்கு இக்கவலை இல்லை. நீர் அதன் கட்டைகளினூடே வந்து போகலாம். சரக்கும் மாந்தரும் ஏறும் கப்பலுக்கு அவ்வாறு இயலாது. அவ்வாயில்களை அடைத்துக் காத்தவர் யார்? கலப்பத்துக்காரர். அகராதிகள் ‘கலப்பற்று’ என்று எழுத, பேச்சு வழக்கு ‘கலப்பத்து’ என்று சொல்லும் அத்தொழிலைப் பற்றி நம் மலர்களில் ஒரு பத்தியேனும் உண்டா? கப்பலின் உரிமையாளரைப் பாடுகிறார்கள், மாலுமியைப் போற்றுகிறார்கள், பாய்மரத்தை வருணிக்கிறார்கள். பொருத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள். இந்த மறதியையே நாம் கண்டிக்கிறோம்.

“ஓட்டையில் பஞ்சைத் திணிப்பது ஒரு கலையா? கூலி வேலைதானே?” என்று கேட்போர் உள்ளனர். அவர்கள் அத்தொழிலை அறியாதவர்கள். பலகைகளின் பொருத்து உட்புறம் ஒட்டியும் வெளிப்புறம் சற்றே விரிந்தும் இருக்குமாறு தச்சர் இழைப்பார். அந்த விரிவில் பஞ்சுத் திரியையோ நார்த் திரியையோ வைத்து, உளியாலும் கொட்டாப்புளியாலும் கலப்பத்துக்காரர் இறுக்குவார். அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியமோ கீலோ பூசப்படும். சொல்லுதற்கு எளிது, செய்வதற்கு அவ்வாறில்லை. மரம் நீரில் ஊறினால் பருக்கும். வெயிலில் காய்ந்தால் சுருங்கும். திரியை அளவுக்கு மீறி இறுக்கினால், ஊறிப் பருத்த பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி ஆணிகளைத் தளர்த்திவிடும். இறுக்கம் குறைந்தால், அலையில் கலம் முறுகும்போது திரி வெளியே துப்பப்படும். மரம் இன்று எவ்வளவு காய்ந்திருக்கிறது, நாளை நீரில் எவ்வளவு பருக்கும் என்று கணித்தே அடிக்க வேண்டும். அந்தக் கணக்கு கையிலும் காதிலும் இருந்தது. கொட்டாப்புளியின் ஓசை மாறுவதைக் கொண்டே திரி அமர்ந்ததா இல்லையா என அறிவார் தேர்ந்த தொழிலாளி.

பயன் நீரைத் தடுப்பதோடும் முடிவதில்லை. நன்கு இறுக்கிய பொருத்து, பக்கத்துப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் பிணித்து, கலம் முழுவதற்கும் உறுதி தருகிறது. மேல்தளப் பொருத்தில் மழைநீர் இறங்கினாலும் கேடுதான். உப்புநீரைக் காட்டிலும் நன்னீரே மரத்தை விரைவில் உளுக்கச் செய்யும். ஆகவே கடலுக்குள் மூழ்கும் பகுதியை மட்டுமன்று, வானத்தை நோக்கும் பகுதியையும் அவர் காத்தார். அடிமரத்தை ஒட்டிய பொருத்தை அடைக்க, நீர் வற்றிய நேரம் பார்த்துக் கலத்தின் அடியில் மல்லாந்து படுத்து அவர் உழைத்தார். அதுவும் ஒருமுறை செய்து முடிக்கும் பணி அன்று. பழைய திரியைக் கீறி எடுத்துப் புதிய திரி இடும் வேலை, கலம் வாழும் காலம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். கப்பல் கட்டியவர் ஒருமுறை கட்டினார். கலப்பத்துக்காரர் அதைப் பலமுறை காப்பாற்றினார்.

இச்சொல்லின் வரலாற்றை நோக்கினும் பெருமை தெரியும். அரபியரும் துருக்கியரும் கிரேக்கரும் இத்தாலியரும் போர்த்துக்கேயரும் ஏறத்தாழ ஒரே ஒலியுடைய சொல்லால் இத்தொழிலைக் குறித்தனர். யார் யாருக்குத் தந்தனர் என்பதில் அறிஞரிடையே வழக்குண்டு. துறைமுகம் தோறும் இத்தொழில் கைமாறிச் சென்றது என்பதில் வழக்கில்லை. பைசாந்தியப் பேரரசை 1041 முதல் 1042 வரை ஆண்ட ஐந்தாம் மைக்கேலுக்குக் ‘கலஃபாத்தீஸ்’ என்பது பட்டப்பெயர்; அவன் தந்தை கலப்பத்துக்காரராக இருந்தமையால் வந்த பெயர் அது. மணிமுடி சூடிய மகனையும் தந்தையின் தொழிற்பெயர் விட்டு நீங்கவில்லை. நம் ஊர்களிலோ கப்பற்காரர் பேரர் என்று சொல்லிக்கொள்வோர் பலர்; கலப்பத்துக்காரர் பேரர் என்று தலைநிமிர்ந்து சொல்பவர் எத்தனை பேர்?

தமிழுக்கு இச்சொல் போர்த்துக்கேயர் வழியே வந்தது என்பர். சொல் அவர்கள் வழி வந்ததாயினும், கலத்தின் பொருத்தைக் காக்கும் அறிவு இக்கடலில் அவர்களுக்கு முற்பட்டது. 1183இல் ஹஜ்ஜுப் பயணம் புறப்பட்ட அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், செங்கடல் துறையான அய்தாபில் தாம் கண்ட கலங்களை விரிவாக எழுதினார். அவை தேங்காய்நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. பேரீச்ச மரச் சிம்புகளால் இடுக்குகள் அடைக்கப்பட்டவை. நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசப்பட்டவை. இவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது என்றும் குறித்தார். அதற்கான மரமும் நாரும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் சென்றன என்றும் எழுதினார். அத்துடன் நின்றாரா? ஆதாயத்திற்காகப் பயணிகளை அளவின்றி அடைத்த கலவுடைமையாளரின் பேராசையையும் கண்டித்து எழுதினார். பொருத்தையும் எழுதினார், பொருளாசையையும் எழுதினார். வரலாறு எழுதுவோருக்கு இலக்கணம் அதுவே. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வழிப்போக்கர் கண்டெழுதியதை, கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த நம் மலர்க்குழுவினர் காணாதது ஏன்?

நாகூர் ஆண்டகை அவர்களைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியை நம் இல்லங்களில் அறியாதவர் குறைவு. நடுக்கடலில் துளை விழுந்து தத்தளித்த கப்பலை நோக்கி, அவர்கள் தம் கையிலிருந்த கண்ணாடியை வீச, அது சென்று துளையை அடைத்தது என்பது அந்தச் செய்தி. அதை ஏற்போரும் மறுப்போரும் நம்மிடையே உள்ளனர். அந்த வழக்கில் நாம் இறங்கவில்லை. நாம் சுட்டுவது வேறொன்று. கடலோடும் மக்களின் நெஞ்சில் எந்த அச்சம் மிகுந்திருந்தது என்பதற்கு அச்செய்தியே சான்று. புயலன்று, கொள்ளையரன்று, கலத்தின் அடியில் கசியும் நீர். அந்த அச்சத்தை நாள்தோறும் தம் கைகளால் போக்கியவர்களை மட்டும் ஏடுகளில் ஏற்றாமல் விட்டது நீதியாகுமா?

“அவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லையே, எவ்வாறு எழுதுவது?” என்பர். பெயர் கிடைக்காவிடினும் தொழில் கிடைக்கும். பழைய கப்பற்காரர் இல்லங்களில் கணக்கேடுகள் எஞ்சியிருப்பின், சரக்குப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் செலவுப் பக்கத்தையும் புரட்டுங்கள். பஞ்சுக்கும் குங்கிலியத்துக்கும் கூலிக்கும் எழுதிய வரிகளும் வரலாறே. அவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். பிற சமயத்தாரும் இருந்தனர். பொருத்து எவருடைய கையால் அடைக்கப்பட்டது என்று கடல் பார்ப்பதில்லை, வரலாற்றாசிரியரும் பார்க்கலாகாது.

“மரக்கலமே மறைந்துவருகிறது, இனி இதை எழுதி என்ன பயன்?” என்பது அடுத்த தடை. மீனவர் ஃபைபர் படகுக்கு மாறியதை நாம் குறை கூறவில்லை. அது இலேசானது, பராமரிப்புக் குறைந்தது. கடலில் உயிரைப் பணயம் வைப்பவர் வசதியை நாடுவது முறையே. ஆனால் கலப்பத்துச் செலவுக்கு அஞ்சி, ஈரம் உலராத பழைய மரத்தின்மேல் ஃபைபர் பூச்சை ஒட்டி மறைப்பது வேறு. மேலே பளபளக்கும்; உள்ளே சிறைப்பட்ட ஈரம் பலகையை உளுக்கச் செய்யும். கசியும் பொருத்தைப் பளபளப்பால் மூடும் அந்தப் படகுக்கும், உழைத்தோரை மறைத்துப் பெருமையை மட்டும் பூசும் மலருக்கும் வேறுபாடு என்ன?

மறையும் தொழில் என்று பிற நாட்டார் கைவிட்டனரா? இந்தோனேசியாவின் தென் சுலவேசியில் பினிசி மரக்கலம் கட்டும் கலையை 2017இலும், வட ஐரோப்பியரின் மரப்படகு மரபை 2021இலும் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அஜந்தா ஓவியத்தைப் பார்த்துத் தேங்காய்நாரால் தைத்த ‘கௌண்டின்யா’ கப்பலை 2025 மே மாதம் கார்வாரில் நம் கடற்படை ஏற்றது; அதைத் தைத்தவர்கள் கேரளக் கைவினைஞர்கள். 1980இல் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டு சீனத்தை அடைந்த ‘சோஹார்’ என்னும் தைத்த கப்பலுக்கு மலபார்க் கரை மரம் தந்தது. இலட்சத்தீவு தையற்கைகள் தந்தது. எனினும் உலகம் நினைவில் வைத்திருப்பது பயணத் தலைவர் டிம் செவரினின் பெயரையே. அங்கும் அதே மறதிதான்.

ஆகவே நம் கோரிக்கை இது. கடல் வாணிபம் பற்றி இனி மலர் வெளியிடுவோர், உடைமையாளரைப் பற்றி எத்தனை பக்கம் எழுதுகிறார்களோ, அதில் பாதியையேனும் தச்சருக்கும் கலப்பத்துக்காரருக்கும் ஒதுக்கட்டும். நம் கல்லூரிகளின் ஆய்வு மாணவர்கள் தூத்துக்குடிக்கும் பேப்பூருக்கும் குஜராத்தின் மாண்டவிக்கும் சென்று, கருவிகளின் பெயர்களையும் கலவைகளின் அளவையும் கூலியின் விவரத்தையும் முதிய தொழிலாளரிடம் கேட்டு எழுதட்டும். அவர்களின் பெயர்களையும் எழுதட்டும். மரக்கலம் வைத்திருப்போர், கலப்பத்துக்காரருக்குத் தேர்ந்த தொழிலாளிக்குரிய கூலியைப் பேரமின்றிக் கொடுக்கட்டும்.

செல்வம் கொண்டுவந்தது கப்பல் என்றால், கப்பலைக் கொண்டுவந்தது பொருத்து. அதைக் காத்தவரை நீக்கிவிட்டு எழுதப்படும் வரலாறு, திரி இடாமல் நீரில் இறக்கிய கலத்தைப் போன்றது. கரையில் நிற்கும்வரைதான் அது கம்பீரமாக இருக்கும்.