மாற்று உறுப்பும் கைப்பேசித் துணையும்

பிறர் ஈந்த சிறுநீரகத்தால் உயிர் வாழும் முதியவர் ஒருவர் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்கு வந்து அமர்வது இன்று வியப்பன்று. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்குப் பொருத்தப்பெற்று வெற்றி கண்டது. 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நம் நாட்டில் அச்சிகிச்சை முதன்முதலாக வெற்றி பெற்றது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெற்றுப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2008-இல் தொடங்கிற்று. அவ்வாறு மறுவாழ்வு பெற்றோர் பலர் இப்போது முதுமை எய்தி வருகின்றனர்.

அறுவைச் சிகிச்சையோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. உடல் மாற்று உறுப்பை அயலானாகவே கருதி எதிர்க்கும். அவ்வெதிர்ப்பை அடக்கும் மருந்தை வாழ்நாள் முழுவதும், வேளை தவறாது உண்ணவேண்டும். அடிக்கடி தவறினால் உறுப்பே பழுதுபடக்கூடும். இம்மருந்துகளால் தொற்றுநோய் எளிதிற் பற்றும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மிகக்கூடும். வெயிலில் உழைக்கும் விவசாயிக்குத் தோற் புற்றுநோய் அபாயமும் உண்டு. குழித்தறியில் அமர்ந்து இடுப்பு நொந்த நெசவாளி கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரை, சிறுநீரகத்திற்குப் பகையாகும். பம்பளிமாஸ் பழம்கூட டாக்ரோலிமஸ் என்னும் மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் தீங்கே.

இத்தனையையும் நினைவில் வைக்கக் கைப்பேசி நல்ல துணை. அது மருந்து வேளையில் ஒலி எழுப்பும். இரத்த அழுத்தம், எடை, நடந்த தூரம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும். தொலைவிலுள்ள வைத்தியரோடு முகம் பார்த்துப் பேசவும் உதவும். முதியோருக்கு இது வாராது என்பார் கூற்றை நான் ஏற்கவில்லை. ஜக்கார்டு அட்டையின் துளைகளைக் கண்டு பூவேலையை அறியும் கண்களுக்கு இது கற்கவொண்ணாத வித்தையன்று. சிற்றெழுத்தும் ஆங்கிலமுமே தடை.

ஆயினும், கருவியை வாங்கிக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று எண்ணுதல் தவறு. சங்கங்களை ஆய்வு செய்யுங்கால் நான் காணும் உண்மை ஒன்றுண்டு: நாள்தோறும் பிழையற எழுதிய பேரேடும், பார்ப்பார் இல்லையெனில் நட்டத்தைத் தடுப்பதில்லை. கைப்பேசியில் ஏறிய கணக்கும் அத்தகையதே. இரத்த அழுத்தம் பத்து நாள் உயர்ந்தே இருந்து, அதை ஒருவரும் காணாவிடின், அப்பதிவினால் யாருக்கு என்ன பயன்?

ஆதலால் ஒவ்வொரு சங்கமும் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, கைப்பேசிப் பழக்கமுள்ள இளைஞர் ஒருவரை அமர்த்தி, அங்கத்தினர் துணியும் விளைபொருளும் கொண்டுவரும் நாளில் அரைமணி நேரம் முதியோருக்கு உதவச் செய்தல். மருந்து வேளையை அமைத்தல், எழுத்தைப் பெரிதாக்குதல், தமிழ்க் குரலில் கேட்கச் செய்தல் ஆகியவை அவர் வேலை. இரண்டாவது, எந்த அளவு மீறினால், காய்ச்சல் கண்டால், வேளை தவறினால் மருத்துவமனைக்குச் சொல்லவேண்டும் என்பதை வைத்தியரிடமே கேட்டு எழுதி, அதைக் கவனிக்க வீட்டார் ஒருவரைப் பொறுப்பாக்குதல். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ அவ்விளைஞருக்கும் வீட்டாருக்கும் உரிமையில்லை. மூன்றாவது, பொது நல நிதியின் விதிகள் இடந்தருமாயின் இரத்த அழுத்தக் கருவி ஒன்றைச் சங்கத்தில் வைத்தல்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். அங்கத்தினரின் நோய் விவரம் சங்கப் புத்தகத்தில் ஏறலாகாது. திண்ணைப் பேச்சாகவும், கடன் மறுக்கக் காரணமாகவும் ஆகலாகாது. அந்த அச்சம் புகுந்தால் உதவி நாடி எவரும் வாரார்.

பெயரும் ஊரும் அறியாத ஒருவர் ஈந்த உறுப்பு பல முதியவர்களின் உடலில் உழைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வீகையைக் காக்க நாம் தரவேண்டுவது வாரம் அரைமணி நேரமே. நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதனை ஆலோசித்து ஆவன செய்வார்களாக.