பிள்ளைக்காம்பராவில் தொடங்கட்டும்

நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களில் தாய் கொழுந்து பறிக்கப் போனதும் கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில் வளர்கிறது. மலைக்குளிரில் பாலும் கஞ்சியும் சூடாகவே கொடுக்கப்படும். அந்தச் சூடு பிளாஸ்டிக்கில் படுவதே எமது கவலை. பொலிகார்பனேட் போத்தலிலிருந்து கசியும் பிஸ்பினோல்-ஏ, ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோனைப் போலச் செயற்படக்கூடியது. உறுப்புகள் உருவாகும் பருவத்தில் நேரும் ஹோர்மோன் குழப்பம் வளர்ந்த பின்னும் நீடிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் குழந்தைகளின் பால்போத்தல்களில் அதைத் தடைசெய்தது. 2023இல் அதன் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, நாளாந்தம் ஏற்கத்தக்க அளவை 20,000 மடங்கு குறைத்தது. இது மிகை என்று ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் மறுத்தது உண்மை. ஆனால் அந்நிறுவனம் முன்வைத்த அளவும் பழையதைவிட 20 மடங்கு குறைவு. எச்சரிக்கை தேவை என்பதில் இருதரப்பும் வேறுபடவில்லை.

மந்தபோசணையும் லயத்து நெரிசலும் தீராத இடத்தில் இதுவா முதற்கவலை என்று கேட்பது நியாயமே. ஆனால் போசணைக்கான பணத்தை இது பறிக்காது. அதே கஞ்சியை எவர்சில்வர் கிண்ணத்தில் கொடுத்தால் போதும். ‘பிஸ்பினோல்-ஏ இல்லை’ என்ற ஒட்டுத்தாளை மட்டும் நம்பவும் முடியாது; பிஸ்பினோல்-எஸ் போன்ற மாற்றுகளும் ஐயத்துக்குரியவை. செலவைத் தாய்மார் தலையில் கட்டக்கூடாது. தோட்டக் கம்பனிகளும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் பாத்திரங்களை மாற்றித் தரவேண்டும். தோட்டங்களுக்குச் செலவிடப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத்தடையும் 2018 திருத்தத்தோடு நீங்கிவிட்டது. அவையும் இதில் கைகொடுக்கலாம்.