சிலம்பு சொல்லும் பரீட்சைப் பாடம்

மதுரையில் பாண்டியன் நெடுஞ்செழியன் செய்த பிழை என்ன? பொற்கொல்லன் சொல்லை நம்பினான். விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான். கண்ணகி சிலம்பை உடைத்தாள். தெறித்தது முத்தல்ல, மாணிக்கம்!

உரைப்பகுதியைத் தந்து, "இதிலிருந்து பெறப்படுவது யாது?" என்று வினவினால், மாணவர் பலர் செய்வதும் இதே பிழைதான், தோன்றியதை எழுதிவிடுகிறார்கள். பல நாட்டு மாணவர்கள் எழுதும் பிஸா தேர்வின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றில், வாசிப்பில் தமிழ்நாடு கடைசி வரிசையில் நின்றது. நெட்டுரு அங்கே கைகொடுக்காது.

வழி எளிது. "இவ்விடைக்கு எந்த வரி சாட்சி?" என்று கேட்க வேண்டும். சாட்சியில்லாத விடை, ஊரறிந்த உண்மையாயினும் தள்ளுபடி! 'எல்லோரும்', 'எப்போதும்' என்று அடித்துச் சொல்லும் விடையை இருமுறை சோதிக்க வேண்டும்.

ஆசிரியர்களும் "விடை என்ன?" என்பதோடு நில்லாமல், "எப்படித் தெரிந்தது?" என்று தினமும் கேட்கட்டும். நாளை கடன் பத்திரத்தைப் படித்துக் கையெழுத்திடப் போகிறவர்களும் இந்தப் பிள்ளைகள்தாமே!