மாத்திரை வந்தது, விளக்கம் வந்ததா?



நமது மஹல்லாக்களில் மருத்துவ முகாம்களுக்குப் பஞ்சமில்லை. பேனர் கட்டுகிறோம்; முதியவர்களை வரிசையில் அமர்த்தி இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறோம்; எண்களை எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறோம். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. விளக்கம்தான் இன்னும் வீடு வந்து சேரவில்லை. அட்டையில் இருப்பது ஆங்கிலம். பெரியவர்கள் நிறத்தை வைத்தே மாத்திரையை அடையாளம் காண்கிறார்கள். கம்பெனி மாறினால் நிறமும் மாறும். ஒரே மருந்து இரு பெயர்களில் வந்தால் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

“தலைசுற்றல் நின்றுவிட்டது” என்று கொதிப்பு மாத்திரையை நிறுத்துவோர் எத்தனை பேர்! இந்நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. பக்கவாதமாக வந்து நிற்கும். முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

ரமளானும் இதில் சேர்ந்ததே. இன்சுலின் போடுபவர் ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைக் கண்டு அளவையும் நேரத்தையும் கேட்டறிய வேண்டும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்துவிடுங்கள் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

என்ன செய்யலாம்? மூத்தோர் மன்றத்திலோ, அசருக்குப் பின் பெரியவர்கள் கூடும் திண்ணையிலோ மாதம் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மருத்துவர் ஒருவரை அழைத்து, எது எதற்கு, எப்போது என்று கேட்டுத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். திண்ணைக்கு வராத தாய்மார்களுக்குப் பெண்கள் மதரஸாவில் தனியே நடத்துங்கள்.

“புரிந்ததா?” என்று மட்டும் கேட்காதீர்கள், மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். “வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள் வாப்பா” என்று கேளுங்கள். அவர் சொல்லத் தடுமாறினால் குறை நாம் சொன்ன விதத்தில்தான், மீண்டும் சொல்லுங்கள்.

வணிகர்களே! பேனருக்குச் செலவிடும் பணத்தில் இந்த மருந்து அட்டைகளை அச்சடித்துத் தாருங்கள். இளைஞர்களே! படித்த உங்கள் கண்கள் ஒரு மணி நேரம் பெற்றோருக்குப் பயன்படட்டும். அடுத்த முகாமுக்குத் தேதி குறிக்கும் முன் இதற்கொரு தேதி குறியுங்கள்!